கொள்கைக் காரணங்களால்

மின்னஞ்சல் போகவில்லை என்று புகார் சொல்பவர்களில் பாதிப் பேர் முகவரியைத் தப்பாக அடித்திருப்பார்கள். மீதிப் பேர் அனுப்பவே மறந்திருப்பார்கள். இந்த இரண்டு கூட்டத்திலும் சேராத ஒருவர் வந்துவிட்டால் எனக்கு அன்றைய பொழுது நாசம். அப்படி ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அதுவும் நேரில், எங்கள் நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தட்டினார்.

தூத்துக்குடிக் கரைநிலையத்துக்கு யாரும் நேரில் வருவதில்லை. நடுக்கடலில் நிற்கும் சுரங்க மேடைகளில் வேலை செய்பவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் இடையே போகிற வருகிற அஞ்சல்களை அனுப்பி வைப்பது எங்கள் வேலை. அது போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று கண்டுபிடிப்பது என் வேலை. என் பெயர் இசக்கியம்மாள். பெயருக்கேற்ற கோபம் என்று அலுவலகத்தில் பின்னால் பேசிக்கொள்வார்கள். எனக்குக் கேட்கும்படிதான் பேசுவார்கள்.

வந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைச் சட்டை. பக்கத்தில் வந்தபோது சாம்பிராணி வாசனை அடித்தது. பூசை முடிந்து நேராக வருகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"என் பேரு மிக்கேலும்மா. ஏழாம் மேடையில என் மருமவ இருக்கா, என் அக்கா மவ. பெனிட்டான்னு பேரு. விடிஞ்சதுலருந்து மெயில் அனுப்புதேன். அனுப்பியாச்சுன்னு காட்டுது, படிச்சான்னு காட்டல."

"தூங்கிட்டு இருப்பாங்க அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமைதானே."

"அவளா? நல்லாச் சொன்னிய. எங்க வீட்டுல சேவலுக்கு முந்தி எந்திரிக்கது அவதான்." செல்போனை என் முன்னால் வைத்தார். "அவ அப்பாவுக்கு ரொம்ப சீரியசா இருக்கு. எங்க மச்சானுக்கு. இன்னைக்கு சாயங்காலம் மேடையிலருந்து கடல்விமானம் கிளம்புதுல்லா? அதை விட்டா அடுத்த வாரந்தான். அதுல அவ ஏறியாவணும்."

"மேடைக்காரங்க ஆபீஸ்ல சொன்னீங்களா?"

"அவிய திங்கக்கிழமைதான் தொறப்பாவளாம். ஒரு ஃபோன் போட்டுப் பேச முடியாதாம்மா?"

முடியாது. அதை அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. குரலைப் போலி செய்கிறவர்கள் பெருகிப்போய், பெற்ற பிள்ளை அழுகிற குரலிலேயே அழுது ஏமாற்ற ஆரம்பித்தபிறகு, மேடைகளுக்குக் குரல் அழைப்பையே நிறுத்திவிட்டார்கள். முத்திரை வைத்த எழுத்து மட்டும்தான் போகும். அந்த எழுத்தையும் மெய்க்காவல் என்கிற சல்லடை வழியில் நிறுத்திப் பார்க்கும். என் பெரியம்மா ஒருத்தி என் குரலில் யாரோ பேசியதை நம்பி வீட்டை யாருக்கோ எழுதிக் கொடுத்தவள். அதனால் மெய்க்காவல் வந்தபோது கைதட்டி வரவேற்றவர்களில் நானும் ஒருத்தி.

"உக்காருங்க. பாத்துருவோம்," என்றேன். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் தீர்ந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அவருக்கும் ஒரு டீ நீட்டினேன். வேண்டாமென்று கையாட்டிவிட்டார்.

முகவரி சரியாக இருந்தது. முத்திரை சரி. ஏழாம் மேடைக்குப் போகிற வழி திறந்திருந்தது. மற்றவர்களின் அஞ்சல்கள் ஜோராகப் போய்க்கொண்டிருந்தன. யாரோ ஒருவருக்கு மீன்குழம்பு செய்முறைகூடப் போய்ச் சேர்ந்திருந்தது. பெனிட்டாவின் பெட்டி நிரம்பி வழிகிறதோ என்று என் சோதனைக் கணக்கிலிருந்து 'சோதனை' என்று ஒரு சொல் அனுப்பிப் பார்த்தேன். கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. ஆக, வாங்குகிற பக்கத்தில் கோளாறு இல்லை. அனுப்புகிற பக்கம்தான்.

மிக்கேலின் அஞ்சல்களுக்கு நேராகப் பதிவில் ஒரே வரி இருந்தது. கொள்கைக் காரணங்களால் ஏற்கப்படவில்லை.

இந்த வரியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்தக் கொள்கை? என்ன காரணம்? சொல்ல மாட்டார்கள். சொன்னால் மோசடிக்காரன் தன் வாசகத்தைத் திருத்திக்கொண்டு மறுபடி வந்துவிடுவானாம். அனுப்பியவருக்குத் தடுத்த செய்தியே தெரியாது. எனக்கு இந்த ஒரு வரி மட்டும் தெரியும். டாக்டர், நோயாளியிடம் 'உடம்பில் ஏதோ சரியில்லை' என்று சொல்லிவிட்டு எழுந்து போவது மாதிரி.

பின்னால் திரும்பினால் மிக்கேல் மறுபடி செல்போனை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்றீங்க?"

"இன்னொரு வாட்டி அனுப்புதேன்."

"அண்ணாச்சி, அனுப்பாதீங்க! போகாத மெயிலத் திரும்பத் திரும்ப அனுப்பினா உங்க பேரு இன்னும் கெட்டுப்போகும். ஒவ்வொரு அனுப்புநருக்கும் நற்பெயர்னு ஒரு கணக்கு இருக்கு. ஒவ்வொண்ணத் தடுக்கும்போதும் அது இறங்கும்."

"எம் பேரா?" அவர் சிரிக்கக்கூட இல்லை. "பனிமய மாதா கோயில் தெருவுல வந்து எம் பேரைக் கேட்டுப் பாருங்க."

செல்போனை வாங்கி என் மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். மெய்க்காவலின் உதவி மையத்தைக் கூப்பிட்டேன். நெடுநேரம் வீணை வாசித்துவிட்டு ஒருவர் வந்தார்.

"அனுப்புநர் தன் நற்பெயரை மேம்படுத்திக்கொள்ள வேண்டும், மேடம்."

"எப்படி?"

"நல்ல அஞ்சல்களை அனுப்புவதன் மூலம்."

"அவர் அனுப்புறது எதுவுமே போகலையே சார்."

"ஆமாம் மேடம். நற்பெயர் குறைவாக இருப்பதால்."

"நீங்க மனுசனா, மெஷினா?"

"அந்தத் தகவலைப் பகிர எனக்கு அனுமதி இல்லை, மேடம்."

போனை வைத்துவிட்டு மேசையை ஓங்கி ஒரு அறை அறைந்தேன். டீ சிந்தியது. மிக்கேல் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மனிதர் ஒரு தடவையாவது என்மேல் கோபப்பட்டிருந்தால் தேவலை.

வாசகத்தை மாற்றிப் பார்த்தோம். 'அப்பாவுக்கு ரொம்ப சீரியஸ், உடனே வா' என்பதை 'அப்பா உடல்நிலை கவலைக்கிடம்' என்று எழுதினோம். போகவில்லை. 'அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார்' என்றோம். போகவில்லை. உறவினருக்கு ஆபத்து என்று பயமுறுத்துகிற மோசடிகள்தான் அதிகம் என்பதால், உடம்பைப் பற்றி யார் எதை எழுதினாலும் மெய்க்காவல் அதை ஆஸ்பத்திரிப் பதிவுகளோடு ஒத்துப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் இந்த அஞ்சல் முதலில் போயிருக்க வேண்டும். ஆள் ஆஸ்பத்திரியில் கவலைக்கிடமாகக் கிடக்கிறார். பதிவும் அதையே சொல்லும். சல்லடைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நான் முடிவு கட்டினேன்.

மதியம் தாண்டியது. அப்போது இழுப்பறைக்குள் அவருடைய செல்போன் அடித்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தணிந்த குரலில் பேசினார். சின்ன அறை அது. எனக்குக் கேட்டது.

"பெட்டி வந்துட்டா? முன் ரூம்ல கட்டிலத் தூக்கிட்டு அங்கன வைக்கச் சொல்லு... கரண்டு போனா ஐஸ் நிக்காதுல்லா, ஜெனரேட்டருக்குச் சொல்லிரு... சாமியார்கிட்ட பேசிட்டேன். நாளைக்கு மத்தியானம் வரைக்குந்தான் வைக்க முடியும். அவ வரட்டும், வந்துருவா."

அவர் திரும்பியபோது நான் எழுந்து நின்றிருந்தேன்.

"அண்ணாச்சி. உங்க மச்சான் எப்ப தவறினாங்க?"

அவர் செல்போனைச் சட்டைப்பையில் போட்டார். பை எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியாமல் இரண்டு தடவை தடவியது.

"விடியக்காலம்," என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வார்த்தை தடித்துவிட்டது. "காலைலருந்து மண்டைய உடைச்சிக்கிட்டு இருக்கேன். எங்கிட்டயாவது உண்மையச் சொல்லியிருக்கலாம்ல? ஆஸ்பத்திரிப் பதிவுல இறந்துட்டாருன்னு ஏறியிருக்கும். நீங்க சீரியஸ்னு எழுதுறீங்க. அது பொய்யின்னு தள்ளுது. இவ்வளவுதான் விசயம்! அரை நாளு போச்சு!"

"உங்ககிட்ட சொன்னா நீங்க அதையில்லா எழுதச் சொல்லுவிய."

"ஆமா! எழுதுனா போயிருக்கும்!"

"தாயி," என்றார். அதுவரை அம்மா என்று மட்டும் கூப்பிட்டவர். "அந்தப் புள்ள ஒத்தையில கடலுக்கு நடுவுல நிக்கா. பக்கத்துல அழுகத் தோள் கெடையாது. அப்பா செத்துப்போச்சுன்னு எழுத்துல படிச்சிட்டு அவ எப்படி விமானத்துல ஏறி, எப்படி ராத்திரி பூரா உக்காந்து வருவா? சீரியஸ்னா வந்து சேந்துருவா. வந்தபெறகு நாங்கல்லாம் இருக்கோம், புடிச்சிக்கிடுவோம். எங்க ஐயா செத்தப்ப எனக்கும் சீரியஸ்னுதான் சொன்னாவ. தெருமுனை வரைக்கும் நான் அதை நம்பிக்கிட்டேதான் வந்தேன். உங்க வீட்டுல எப்படிச் சொல்லுவிய?"

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். சங்கரன்கோவிலில் என் அப்பா இறந்தபோது, 'லேசா முடியல, ஒரு எட்டு வந்துட்டுப் போ' என்றுதான் சித்தப்பா சொன்னார். யார் வீட்டில்தான் வேறு மாதிரி சொல்கிறார்கள்? அது எனக்கு ஏன் காலையிலேயே தோன்றவில்லை என்று நினைக்க நினைக்க, கோபம் அவரை விட்டுவிட்டு என்மேல் திரும்பியது. மெய்க்காவலோடு பழகிப் பழகி நானும் ஒரு மெய்க்காவல் ஆகிவிட்டேன் போலிருக்கிறது.

"சரி. இப்ப உண்மைய எழுதித்தான் ஆகணும்," என்றேன். "நேரமில்லை."

 அவர் தலையசைத்தார். 'அப்பா தவறிட்டாங்க. கிளம்பி வா' என்று நானே அவர் கணக்கிலிருந்து எழுதி அனுப்பினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொள்கைக் காரணங்களால் ஏற்கப்படவில்லை.

உண்மையையும் தள்ளிவிட்டது. காலையிலிருந்து தடுத்துத் தடுத்து அவருடைய நற்பெயர் அடியில் போயிருந்தது. பொய்யன் என்று பெயர் வாங்கியவன் உண்மை சொன்னாலும் எடுபடாது. ஆனால் ஒரு காலைப் பொழுதில் இவ்வளவு இறங்குமா? இடித்தது. வீட்டுக் கணக்கு முழுவதையும் திறக்க அவருடைய விரல்ரேகையைக் கேட்டேன். ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரே நற்பெயர்தான். ஒருவர் கெடுத்தால் எல்லோருக்கும் கெடும்.

"மச்சானும் இதே கணக்குலதான் எழுதுவாரா?"

"ஆமா. ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சதும் உக்காந்து எழுதுவாரு. அவ ஒரு வரி பதில் போட்டதில்ல. பொம்பளப்புள்ளைக்கு நடுக்கடல்ல என்ன வேலைன்னு போகும்போது சண்ட போட்டாருல்லா, அந்தக் கோவம். படிக்கக்கூட மாட்டேங்கான்னு சொல்லிச் சொல்லியே மனுசன் பாதி உருகிட்டாரு."

பட்டியல் விரிந்தது. தடுக்கப்பட்டவை ஒவ்வொரு ஞாயிறும் ஒன்று. நான் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனேன். முடியவில்லை.

'தாயி, நான் நல்லா இருக்கேன். நீ உடம்பப் பாத்துக்க.' 'சுகமா இருக்கேன் தாயி. மாமா சமைக்கிறத வாயில வைக்க முடியல, வேறொரு குறையுமில்ல.' 'அன்னைக்கு நான் பேசினது தப்பு. மனசுல வச்சிக்காத. எனக்கு ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன்.'

"அண்ணாச்சி, அவருக்கு என்ன சீக்கு?"

"கிட்னி. வாரத்துக்கு ரெண்டு நாளு மெஷின்ல போட்டு ரத்தம் கழுவணும். அவகிட்ட சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிருந்தாரு."

 நல்லா இருக்கேன் என்று அவர் எழுதியதையெல்லாம் மெய்க்காவல் ஆஸ்பத்திரிப் பதிவோடு ஒத்துப் பார்த்திருக்கிறது. பொய் என்று கண்டிருக்கிறது. தடுத்திருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு தகப்பனை மோசடிக்காரன் என்று குறித்து வைத்திருக்கிறது. பட்டியலை எதிர்த்திசைக்குத் திருப்பினேன். மேடையிலிருந்து கரைக்கு. 

அங்கேயும் இருந்தன. 'அப்பா, நான் நல்லா இருக்கேன். கடல் ஒண்ணும் செய்யல.' 'நல்லா சாப்பிடுறேன்ப்பா, தூக்கம் வருது, கோவமெல்லாம் ஒண்ணுமில்ல.' ஒவ்வொன்றுக்கும் நேராக அதே வரி. மேடையிலும் ஒரு மருத்துவர் உண்டு. அவரும் பதிவு வைத்திருப்பார். அந்தப் பெண்ணும் நன்றாக இல்லை.

திரையை மிக்கேல் பக்கம் திருப்பினேன்.  அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே அவர் தோள் குலுங்கியது.

"எழுதிருக்கா," என்றார். "மச்சான், அவ எழுதிருக்கா பாருங்க." இல்லாத ஆளிடம் சொன்னார்.

எனக்கும் அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. இதில் யாரைப் பிடித்து உலுக்குவது? சல்லடை செய்தவன் சொன்ன வேலையைத்தான் செய்தான். நான் கைதட்டினேன். என் பெரியம்மா வீட்டை இழந்ததும் உண்மைதான். ஆனாலும் இரண்டு பேர் ஒருவரையொருவர் வருத்தப்படுத்தக்கூடாது என்று எழுதிய ஒரே குற்றத்துக்காக, கடைசிவரை ஒருவர்மேல் ஒருவர் கோபமாக இருப்பதாக நம்பவைக்கப்பட்டிருக்கிறார்கள்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். விமானத்தில் இடம் கேட்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"என் கணக்குலருந்து அனுப்புறேன்," என்றேன். சோதனைக் கணக்கில் சொந்தச் செய்தி அனுப்பினால் வேலைக்கே உலை. தெரிந்துதான் சொன்னேன். "உடம்பப் பத்தி ஒரு வார்த்தை வேண்டாம். எழுதினாத்தான் அது ஒத்துப் பார்க்கும். நீங்க கூப்பிடுங்க, அது போதும். சொல்லுங்க, அடிக்கிறேன்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மருமவளே, மிக்கேல் மாமா கூப்பிடுதேன். இன்னைக்கு விமானத்துல கிளம்பி வா."

அனுப்பினேன். போனது. படித்த அடையாளம் உடனே விழுந்தது.  சோதனைக் கணக்குக்கு வருகிற பதிலை மெய்க்காவல் நிறுத்திப் பார்ப்பதில்லை; பதிலும் வந்தது.

'மாமா, அப்பா நல்லா இருக்காங்களா?'

மிக்கேல் என்னைப் பார்த்தார். "ஆமான்னு போடேன்."

"போகாது அண்ணாச்சி. என் கணக்கும் சேர்ந்து செத்துரும். அப்புறம் ஒண்ணுமே அனுப்ப முடியாது."

"இல்லன்னு போட்டா?"

"போகும்."

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "அப்பம் ஒண்ணும் போட வேண்டாம். விட்டுரு."

"பதில் வரலைன்னா அவங்களுக்குப் புரிஞ்சிராதா?"

"புரியட்டும். ஆனா நாம சொல்லல பாத்தியளா."

கேள்வி திரையிலேயே நின்றது. காலையில் ஒரு வார்த்தையை அனுப்ப அவ்வளவு பாடுபட்டேன். இப்போது ஒரு வார்த்தையை அனுப்பாமல் இருக்க விரல்களை மடக்கி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வெயில் இறங்கும் நேரத்தில் கடல்விமானத்தின் பயணிகள் விவரம் எங்கள் திரைக்கு வந்தது. கடைசிப் பெயர் பெனிட்டா.

மறுநாள் காலையில் விமானம் எங்கள் நிலையத்தை ஒட்டிய துறையில்தான் வந்து நின்றது. எனக்கு விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து ஓலை வந்துவிட்டிருந்தது. அதைப் படிக்காமல் துறைக்குப் போனேன். இரண்டு பேர் எழுதியதையும் அச்செடுத்து ஒரு உறையில் போட்டு வைத்திருந்தேன். தடுக்கப்பட்டதை நேரில் கேட்டால் உரியவரிடம் கொடுக்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. தடுக்கப்பட்டதே தெரியாதவர் எங்கே வந்து கேட்பார்? அதனால் அந்த விதி அதுவரை யாருக்கும் பயன்பட்டதில்லை.

பெனிட்டா கடைசியாக இறங்கினாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இடது மணிக்கட்டில் கட்டு. ராத்திரி முழுவதும் அழுத முகத்தைக் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மிக்கேல் ஓடிப்போய் அவள் பையை வாங்கிக்கொண்டார்.

"என்ன தாயி இப்படி மெலிஞ்சிட்ட?"

"நல்லா இருக்கேன் மாமா," என்றாள். குரல் உடையாமல் சொன்னாள். "அப்பா?"

மிக்கேல் அவள் கண்ணை நேராகப் பார்த்தார்.

"கொஞ்சம் சீரியசாத்தான் இருக்காரு. வா, ஒன்னையத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்காரு."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகத் தலையாட்டினாள்.

"சரியாயிரும் மாமா," என்றாள்.

"ஆயிரும் தாயி," என்றார் அவர். கார் வரைக்கும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தார். உறையை அவள் மடியில் வைத்து, உங்க அப்பா எழுதினது என்று மட்டும் சொல்லி, கதவைச் சாத்தினேன்.